கெய்றோவின் ஏட்டறை

கடவுளின் திருநாமம் எழுதப்பெற்ற ஏட்டை எரித்தலும் கிழித்தெறிதலும் யூதர்க்கு ஆகாதன. ஓதியோதித் தேய்ந்த வேதச் சுருளை, இறந்தாரின் உடலைப் போல மண்ணிலே அடக்கஞ் செய்வது அவர்தம் மரபு. அந்நாள் வரை அவற்றை இட்டுவைக்கும் இடமே ‘கெனிசா’ எனப்படும். பழைய கெய்றோவாகிய புஸ்தாத்தில், பென் எஸ்றா தொழுகைக் கூடத்திலும் இத்தகைய அறையொன்று இருந்தது. அங்கு இட்டவற்றுள் பெரும்பாலானவை மண்ணுக்குச் செல்லவில்லை. பல நூற்றாண்டுகளாக ஏட்டின்மேல் ஏடாக அவை குவிந்து கிடந்தன. எகிப்தின் வறண்ட காற்றும் அவற்றைக் காத்தது.

1896ஆம் ஆண்டில், கேம்பிறிட்ஜ் நகரில் வாழ்ந்த ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்னும் இரட்டைச் சகோதரியர், கீழைநாட்டுப் பயணத்தில் விலைக்கு வாங்கிய சில ஏட்டுத் துண்டுகளுடன் திரும்பினர். அங்கு யூத சமயநூல் கற்பித்த சொலமன் செக்டர் அவற்றுள் ஒன்றைக் கண்டு வியப்புற்றார். கிரேக்க மொழிபெயர்ப்பிலே வழங்கி, மூலம் மறைந்துபோனதாகக் கருதப்பட்ட பென் சீராவின் ஞானநூலின் எபிரேயப் பகுதி அது! அவ்வாண்டு இறுதியிலேயே செக்டர் கெய்றோவுக்குப் புறப்பட்டார். புனித யோவான் கல்லூரியின் தலைவர் சார்ள்ஸ் டெய்லர் பொருளுதவி புரிந்தார். கெய்றோவின் தலைமை மதகுரு, விரும்பியதை எடுத்துக்கொள்ள இசைந்தார். செக்டரோ ஏறக்குறைய அனைத்தையுமே விரும்பினார். அச்சிட்டவற்றை மட்டும் பெரும்பாலும் ஒதுக்கினார். புழுதி மண்டிய அவ்விருட்டறையில் பல கிழமைகள் உழைத்ததால் அவர் உடல்நலமும் குன்றியது. 1898இல் பல்கலைக்கழக நூல்நிலையத்துக்கு உரிமையாக்கப்பட்ட அத்தொகுதியில் ஏறத்தாழ 193,000 துண்டுகள் உள்ளன.

வேதமும் உரையும் தேடிய கண்களுக்கு, கடைக்கணக்கும் கலியாண ஒப்பந்தமும் குப்பையாகவே தோன்றின. எபிரேய எழுத்தில் எழுதியது எதனையும் எறிய அஞ்சிய மக்கள், அரபு மொழியை அவ்வெழுத்தில் வரைந்த கடிதங்களையும் கடன்சீட்டுகளையும், சிறார் எழுத்துப் பழகிய தாள்களையுங்கூட அவ்வறையிலே இட்டிருந்தனர். நூல்நிலையத்திலேயே பெட்டிகளில் ஒதுங்கிக் கிடந்த பல்லாயிரம் துண்டுகள் 1950களிலேதான் புதிய வரிசையாக ஒழுங்கு பெறத் தொடங்கின. இவற்றின் அருமையை உலகறியச் செய்தவர் கொய்ற்றைன் என்னும் பேரறிஞர்.

இந்துமாக் கடலின் வாணிகம் இக்கடிதங்களிலே உயிர்பெற்று நிற்கிறது. துனீசியாவின் மஹ்தியாவிற் பிறந்த ஆபிரகாம் பென் யிஜூ என்னும் வணிகர், மங்களூரில் தங்கி, பித்தளைப் பாத்திரம் வார்க்கும் பட்டறை நடத்தினார். ஆஷூ என்னும் அடிமைப் பெண்ணுக்கு 1132இல் அவர் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அவளையே மணந்தார் என்பது அறிஞர் துணிபு. மிளகும் ஏலமும் இரும்பும் அவர் ஏடனுக்கு அனுப்பினார். ஏடனிலிருந்து சர்க்கரையும் உலர்ந்த திராட்சையும் வந்தன. அவற்றோடு எழுதுவதற்குத் தாளும் வந்தது. ஓலையில் எழுதும் நாட்டிலே தாளுக்குப் பஞ்சம் இருந்தது போலும்! வந்த கடிதத்தின் வெற்றிடத்திலேயே அவர் தம் குறிப்புகளையும் எழுதி வைத்தார். 1149இல் அவர் ஏடன் திரும்பினார். பின்னர் எகிப்தை அடைந்தார். மங்களூரிற் படித்த கடிதங்கள் புஸ்தாத்தின் அறையை அடைந்தது இவ்வாறே.

வேறொரு கடிதம் உள்ளத்தை உருக்குவது. மைமோனிடிஸ் என்னும் மாபெரும் தத்துவஞானியின் தம்பி தாவீது, செங்கடல் துறையாகிய ஐதாபிலிருந்து தமையனுக்கு எழுதியது அது. பாலைவனத்தில் வழித்துணைக் கூட்டத்தை விட்டுத் தனித்துத் தவித்ததையும், துறையில் வாங்கத்தக்க சரக்கு இல்லாமையால் இந்தியாவுக்குக் கப்பலேறத் துணிந்ததையும் கூறி, வீட்டிலுள்ள பெண்டிரைத் தேற்றுமாறு வேண்டுகிறான். அவன் மீளவில்லை, குடும்பத்தின் பொருளோடும் பிறர் பொருளோடும் கடலில் மூழ்கினான். செய்தி கேட்ட மைமோனிடிஸ் ஓராண்டளவு நோயிற் கிடந்தார் என்பதை அவரே பின்னர் எழுதியிருக்கிறார். தம்பியின் கையெழுத்தைக் காணுந்தோறும் நெஞ்சம் கலங்கியதாகவும் குறிப்பிட்டார். அக்கையெழுத்து இன்றும் கேம்பிறிட்ஜில் இருக்கிறது.

1974இல் இவ்வேடுகளை ஆராய அங்கு தனிப்பிரிவொன்று அமைந்தது. இரட்டைச் சகோதரியர் சேர்த்த ஏறத்தாழ 1,700 துண்டுகளையோ, 2013இல் கேம்பிறிட்ஜ், ஒக்ஸ்போட் நூல்நிலையங்கள் இரண்டும் கூடியே விலைக்கு வாங்கின.