தொலைபேசியில் வரும் ‘அதிகாரி’: சேமிப்பைக் காக்க ஒவ்வொரு குடும்பமும் தெரிந்திருக்க வேண்டியவை

ஒரு காலத்தில் தோட்டத்தில் தொலைபேசி இருந்த இடம் ஆபீஸ் ஒன்றுதான். சாவுச் செய்தியும் பிரசவச் செய்தியும் கிராணி மூலமாகவே லயத்துக்கு வந்து சேர்ந்தன. இன்று பாட்டி கையிலும் கைப்பேசி இருக்கிறது. பேரப்பிள்ளைகளின் முகத்தைத் தினமும் பார்க்க முடிகிறது. ஆனால் வாசலில் நாய் குரைத்தால் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கும் நம் மக்கள், யார் எவர் என்று தெரியாத அழைப்பை அப்படியே நம்பிவிடுகிறார்கள். அதில்தான் பல குடும்பங்களின் சேமநிதிப் பணம் ஒரே நாளில் காணாமல் போகிறது.

அழைப்பு எப்படி நடக்கிறது?

‘மக்காவ் மோசடி’ என்று போலீசார் குறிப்பிடும் வகைதான் அதிகம் பேசப்படுவது. முதலில் ஒருவர் கூரியர் நிறுவனம், வங்கி அல்லது வருமான வரி வாரியத்திலிருந்து பேசுவதாகச் சொல்வார். “உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது” என்பார், அல்லது “உங்கள் பெயரில் கடன் பாக்கி இருக்கிறது” என்பார். மறுத்ததும், “அப்படியானால் போலீசில் சொல்லுங்கள், இணைப்பு தருகிறேன்” என்று அழைப்பை மாற்றுவார்.

அடுத்து வருபவர் ‘இன்ஸ்பெக்டர்’. குரல் அதட்டலாக இருக்கும். பின்னணியில் வாக்கி-டாக்கி சத்தமும் கேட்கலாம். அடையாள அட்டை எண்ணையும் வீட்டு முகவரியையும் அவரே சொல்வார். அதைக் கேட்டதும் பலருக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. கைது ஆணை தயார் என்பார். பிறகு, விசாரணை முடியும்வரை பணத்தைப் ‘பாதுகாப்புக் கணக்கில்’ போடச் சொல்வார்.

இதில் மிக ஆபத்தான வார்த்தை ஒன்று உண்டு: “யாரிடமும் சொல்லாதீர்கள். இது இரகசிய விசாரணை. மகனிடம் சொன்னால் அவனும் சிக்குவான்.” பக்கத்தில் இருப்பவர் ஒரு கேள்வி கேட்டாலே பொய் உடைந்துவிடும் என்பது மோசடிக்காரனுக்குத் தெரியும். ஆகவே ஆளைத் தனிமைப்படுத்துவதுதான் அவனுடைய முதல் வேலை.

அசல் அதிகாரிகள் செய்யாதவை

• போலீஸ் தொலைபேசியிலோ வாட்ஸ்அப் காணொளியிலோ யாரையும் கைது செய்வதில்லை.

• பொதுமக்களின் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் ‘பாதுகாப்புக் கணக்கு’ போலீசிடமும் இல்லை, நீதிமன்றத்திடமும் இல்லை, பேங்க் நெகாராவிடமும் இல்லை.

• எந்த வங்கி ஊழியரும் இரகசிய எண்ணையோ ஒருமுறைக் கடவு எண்ணையோ கேட்பதில்லை.

திரையில் தெரியும் எண்ணை மட்டும் பார்த்து நம்பிவிடக் கூடாது. வேறு எண் தெரியும்படி அழைப்பை மாற்றிக் காட்டும் தொழில்நுட்பம் மோசடிக் கும்பல்களிடம் உண்டு. சந்தேகம் இருந்தால் அழைப்பைத் துண்டியுங்கள். வங்கி அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்கோ பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ நீங்களே அழையுங்கள். அழைத்தவன் கொடுத்த எண்ணுக்குத் திரும்பக் கூப்பிடுவதில் பயனில்லை.

கல்யாணப் பத்திரிகை என்று வரும் கோப்பு

எஸ்.எம்.எஸ் வழி வரும் இணைய இணைப்புகளைத் தடுக்கும் நடவடிக்கையைத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2023 முதல் கட்டங்கட்டமாக எடுத்தது. ஆனாலும் வாட்ஸ்அப், டெலிகிராம், முகநூல் வழியாக ஏமாற்று இணைப்புகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கல்யாண அழைப்பிதழ், அரசு உதவித் தொகைக்கான பதிவு, மலிவு விலையில் வீடு சுத்தம் செய்யும் சேவை என்று பல வேடங்களில் அவை வரும்.

கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என்று முடிந்தால் அது அழைப்பிதழ் அல்ல. கைப்பேசியில் ஏறும் செயலி. அது உள்ளே புகுந்துவிட்டால் வங்கி அனுப்பும் குறுஞ்செய்திகளை அதுவே படித்துவிடும். செயலிகளைக் கைப்பேசியிலுள்ள அதிகாரப்பூர்வக் கடையிலிருந்து மட்டும் இறக்குங்கள். இத்தகைய திருட்டு பெருகியதால்தான், குறுஞ்செய்தி வழி கடவு எண் அனுப்பும் முறையைக் கைவிட்டு வங்கிச் செயலியிலேயே உறுதி செய்யும் முறைக்கு மாறும்படி 2022இல் பேங்க் நெகாரா வங்கிகளைக் கேட்டுக்கொண்டது.

ஆறு இலக்க எண்ணும் நட்சத்திரக் குறியும்

“தவறுதலாக உங்களுக்கு ஒரு எண் வந்துவிட்டது, அனுப்பி வையுங்கள்” என்று தெரிந்தவர் பெயரிலேயே செய்தி வரலாம். அந்த ஆறு இலக்க எண் உங்கள் வாட்ஸ்அப் கணக்கின் சாவி. கொடுத்துவிட்டால், அடுத்த நிமிடம் உங்கள் பெயரில் உங்கள் உறவினர்களிடமே கடன் கேட்பார்கள். வாட்ஸ்அப் அமைப்பில் ‘இரண்டு படிச் சரிபார்ப்பை’ இயக்கி வைப்பது நல்ல பூட்டு.

*21* போன்ற எண்ணை அழுத்தச் சொன்னாலும் செய்யாதீர்கள். உங்களுக்கு வரும் அழைப்புகளை வேறொருவருக்குத் திருப்பிவிடும் குறியீடு அது. ஏற்கனவே அழுத்திவிட்டால் ##002# என்று அழுத்தி அழையுங்கள். திருப்பிவிட்ட அழைப்புகள் பொதுவாக ரத்தாகும். ரத்தாகாவிட்டால் தொலைபேசி நிறுவனத்தின் கடைக்குச் செல்லுங்கள்.

கூட்டுறவின் பெயரில் கடன்

1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தலைமையில் தோன்றிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். ஆகவே ‘கூட்டுறவு’ என்ற சொல்லுக்கு நம் மக்களிடம் தனி மதிப்பு உண்டு. மோசடிக்காரர்களும் அந்தப் பெயரைப் பயன்படுத்திக் கொள்கிறார்கள்.

“கூட்டுறவுக் கடன், உடனே கிடைக்கும்” என்று விளம்பரம் வந்து, பணம் கைக்கு வருமுன் ‘செயல்முறைக் கட்டணம்’, ‘காப்புறுதிக் கட்டணம்’ என்று கேட்டால் ஒரு காசும் கட்டாதீர்கள். உண்மையான கூட்டுறவுக் கழகம் மலேசியக் கூட்டுறவு ஆணையத்தில் பதிவு பெற்றிருக்கும். உறுப்பினர்களுக்குத்தான் கடன் கொடுக்கும். வட்டிக்கடைக்கு வீடமைப்பு, ஊராட்சி அமைச்சின் உரிமம் வேண்டும். குறுகிய நாளில் இரட்டிப்பு இலாபம் என்று எவராவது சொன்னால், பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பணம் அனுப்புமுன், போலீஸின் ‘செமாக் மியூல்’ இணையத்தளத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் தட்டிப் பார்க்கலாம். அவற்றின்மீது புகார் இருந்தால் தெரியவரும். புகார் இல்லை என்பதால் மட்டும் அந்தக் கணக்கு சுத்தமானது என்று பொருளல்ல.

இளைஞர்களுக்கு: ஏ.டி.எம் அட்டையை வாடகைக்கு விடாதீர்கள்

பறித்த பணத்தை மோசடிக்காரன் தன் சொந்தக் கணக்கில் வாங்குவதில்லை. யாரோ ஓர் இளைஞர் சில நூறு ரிங்கிட்டுக்காகக் கொடுத்த கணக்கில்தான் வாங்குகிறான். இதுவே ‘மியூல் கணக்கு’. “அட்டையை மட்டும்தான் கொடுத்தேன், வேறு எதுவும் தெரியாது” என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இதற்கென்றே 2024இல் தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. கும்பல் தலைவன் தப்பிவிடுவான். கணக்கில் பெயர் உள்ளவர் வீட்டுக்குத்தான் போலீஸ் முதலில் வரும்.

பணம் போய்விட்டால்

1. உடனே 997க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் இது. போலீஸ், பேங்க் நெகாரா, வங்கிகள், தொலைபேசி நிறுவனங்கள் இதில் சேர்ந்து செயல்படுகின்றன. பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறி வெளியேறுவதற்குள் அதைத் தடுத்து நிறுத்துவதே நோக்கம்; ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

2. வங்கியின் மோசடிப் புகார் எண்ணுக்கும் அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள்.

3. போலீஸ் நிலையத்தில் புகார் செய்யுங்கள். அனுப்பிய தொகை, நேரம், எதிர்த்தரப்புக் கணக்கு எண் ஆகியவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

4. வந்த செய்திகளையும் அழைப்புப் பதிவையும் அழிக்காதீர்கள். அவையே ஆதாரம்.

“997 மையத்திலிருந்து பேசுகிறோம், பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்” என்று ஓர் அழைப்பு வந்தால் அதுவும் மோசடியே.

வீட்டில் ஒரு பேச்சு

பணத்தை இழந்த பெரியவர்கள் பல நாள் வாய் திறப்பதில்லை. பிள்ளைகள் திட்டுவார்கள், ஊர் சிரிக்கும் என்ற அச்சம். அந்த மௌனத்தில்தான் பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பும் கைநழுவுகிறது. “எது நடந்தாலும் முதலில் எனக்குப் போன் செய்யுங்கள், நான் கோபப்பட மாட்டேன்” என்று பிள்ளைகள் இன்றே பெற்றோரிடம் சொல்லி வைப்பது நல்லது. குரலைக்கூடப் போலியாக உருவாக்கும் காலம் இது. குடும்பத்தார் மட்டும் அறிந்த ஒரு சொல்லை முடிவு செய்து வைத்தால், அவசரம் என்று யார் அழைத்தாலும் அதைக் கேட்டுச் சரிபார்க்கலாம்.

கோயில் திருவிழாக் கூட்டத்திலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும் ஐந்து நிமிடம் இதைப் பேசலாம். 997 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தால், பதற்றத்தில் தேட வேண்டியிருக்காது.