அஞ்சே ஓட்டக்காரரின் கெண்டைக்கால்

காவிரியின் இரு கிளைகளுக்கு நடுவே தீவாகக் கிடக்கும் ஸ்ரீரங்கப்பட்டணம் 1610-இல் மைசூர் அரசர் ராஜ உடையார் கைக்கு வந்தது. 1799 மே 4 அன்று திப்பு வீழும்வரை மைசூர் அரசின் தலைநகர் அதுவே. அந்த அரசின் தபால் ஏற்பாட்டுக்குக் கன்னடத்தில் ‘அஞ்சே’ என்று பெயர். சிக்க தேவராஜ உடையார் (1673–1704) அதை நாடு முழுவதற்குமாக ஒழுங்குபடுத்தினார். கடிதம் சுமப்பது அதன் பாதி வேலைதான். அஞ்சே அதிகாரிகள் அரண்மனையின் நம்பிக்கைக்குரியவர்கள் என்றும், அவர்களுக்குக் கீழே இருந்தவர்கள் அந்தந்த வட்டாரத்து ரகசியங்களைத் தலைநகருக்குத் தெரிவித்த ஒற்றர்கள் என்றும் மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த மார்க் வில்க்ஸ் தம் வரலாற்று நூலில் குறிக்கிறார். ஹைதர் அலி காலத்தில் இந்தக் கருவி இன்னும் கூர்மையடைந்தது.

மோட்டாரும் தந்தியும் இல்லாத நாளில் இவ்வளவும் நின்றது ஓடுகிறவர்களின் கால்மீது. கால் தபால் இந்தியாவுக்கு அதற்கும் முன்பே பழக்கமானது. 1330-களில் டில்லிக்கு வந்த இபின் பதூதா, மைலுக்கு மூன்று நிலையம் வைத்து ஓடிய தபாலை வியந்து எழுதினார். ஓட்டக்காரர் ஒரு கையில் கடிதமும் மறு கையில் மணி கட்டிய கோலுமாகப் பாய்ந்து வருவார். மணிச் சத்தம் கேட்டதும் அடுத்தவர் புறப்படத் தயாராக நிற்பார். குதிரைத் தபாலைவிட இது விரைவாகப் போனது என்கிறார் பதூதா. ஓடுகிறவர் களைப்பதற்குள் கை மாறிவிடுவதால் அப்படி முடிந்தது. பிற்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தபாலில் ஒரு நிலைக்குச் சுமார் 7, 8 மைல் தூரம் வைத்தார்கள். ஆபத்தான வழிகளில் இரவில் தீவட்டிக்காரரும் பறையடிப்பவரும் கூட ஓடினார்கள். அந்த அளவுப்படி பிரித்தால் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்குப் பத்து ஜோடிக் கால்கள் தேவைப்படும்.

மூன்றில் ஒரு பங்கு மைல் ஓடுவதும் எட்டு மைல் ஓடுவதும் காலுக்கு ஒன்றல்ல. கெண்டைக்காலில் இரண்டு பெரிய தசைகள் உண்டு. வெளியே திரண்டு தெரிவது முழங்காலையும் கணுக்காலையும் தாண்டிப் போகிறது. முழங்கால் நீண்டிருக்கும்போது சட்டென்று உந்தித் தள்ளினால் அதன் உட்புறத் தலை, தசைநாணோடு சேரும் இடத்தில், கிழியலாம். ஆளைப் பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்ததுபோல் இருக்கும். அதற்கடியில் தட்டையாகக் கிடக்கும் தசை கணுக்காலை மட்டுமே தாண்டுகிறது. ஓட்டத்தின் ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் பல மடங்கைத் தாங்குவது பெரும்பாலும் இதுதான். இது ஒரே நொடியில் அறுவதைவிட, மைல்கணக்கில் இறுகி இறுகி ஒரு நாள் விட்டுக்கொடுப்பதே அதிகம். வெறும் பிடிப்பு என்று எண்ணி மேலும் ஓடுகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். பதூதா பார்த்தது போன்ற பாய்ச்சலில் ஆபத்து முதல் வகைக்கு, எட்டு மைல் நிலையில் இரண்டாவதற்கு.

ஸ்ரீரங்கப்பட்டணத்து வழிகள் கெண்டைக்காலுக்குச் சலுகை காட்டியவை அல்ல. தீவிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஆறு குறுக்கிட்டது. வடகிளையின் மேல் இன்றும் நிற்கும் வெல்லெஸ்லி பாலம், தலைநகர் மைசூருக்கு மாறிய பிறகு, திவான் பூர்ணையாவின் காலத்தில் 1804-இல் முடிந்தது. தமிழ் நாட்டுப் பக்கம் கோயம்புத்தூர்ச் சீமை மைசூரிடம் இருந்தபோது அங்கே இறங்கும் முக்கியப் பாதை கஜ்ஜலஹட்டிக் கணவாய். ஹைதரும் திப்புவும் படை நடத்திய வழி அது. ஏற்றத்தில் குதிகால் தாழ்ந்து முன்பாதம் உயர்வதால் கெண்டைத் தசை நீண்ட நிலையிலேயே உந்த வேண்டியிருக்கிறது. வெறுங்காலோடு முன்பாதம் ஊன்றி ஓடுகிறவருக்குச் சுமை இன்னும் கூடும்.

உடம்பைப் பிடித்துவிடத் தெரிந்தவர்களுக்கு மைசூர் அரசில் பஞ்சமில்லை. மல்யுத்தமே தொழிலாகக் கொண்ட ஜெட்டிகள் அரண்மனையைச் சார்ந்திருந்தார்கள். அவர்களுடைய வஜ்ரமுஷ்டி மைசூர் தசராவில் இன்றும் நடக்கிறது. தெலுங்கு மாவட்டங்களில் இவர்கள் தைலம் தேய்த்து நீவி நரம்பு வலி போன்றவற்றைப் போக்கினார்கள் என்று எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்டார். அதே ஜெட்டிகள் திப்புவின் நாளில் கழுத்தைத் திருகிக் கொல்லும் தண்டனையையும் நிறைவேற்றியவர்கள். மூட்டும் தசையும் எப்படி இயங்குகின்றன என்பதை அவர்கள் இரு வழியிலும் கற்றிருந்தார்கள் போலும்.

எண்ணெய் நீவல் கெண்டை புரட்டலுக்குச் சுகம். புதிதாகக் கிழிந்த தசைக்கு அது கெடுதல்: முதல் சில நாட்களில் அழுத்தித் தேய்த்தால் உள்ளே ரத்தக்கசிவு கூடும். அடி படாமலே ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அங்கே தேய்ப்பது உயிருக்கே ஆபத்து, உடனே மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. நுனிக்காலில் நிற்கவே முடியாவிட்டால் குதிகால் தசைநாண் அறுந்திருக்கக் கூடும்.

கெண்டைத் தசை கிழியும் காயத்துக்கு மருத்துவ ஏடுகளில் பெயர் வாங்கித் தந்தவர்கள் தபால்காரர்கள் அல்ல, பந்தாடியவர்கள். 1883-இல் லண்டனின் ‘லான்செட்’ இதழில் ‘லான் டென்னிஸ் கால்’ என்று அது வெளிவந்தது. மெல்லிய துணைத்தசை ஒன்று அறுவதே காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். குற்றவாளி பெரிய தசையின் உட்புறத் தலை என்பது 20-ஆம் நூற்றாண்டில் தெளிவானது. அதற்குள் அஞ்சே முடிந்துபோயிருந்தது. பெங்களூர்–மைசூர் ரயில் 1882-இல் ஓடத் தொடங்கியது. 1889-இல் மைசூர் அஞ்சே பிரிட்டிஷ் இந்தியத் தபாலோடு இணைந்தது. திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் அஞ்சல் மட்டும் 1951 வரை தாக்குப்பிடித்தது.

காயம்பட்ட ஓட்டக்காரர் மீண்டும் ஓட இன்றைய மருத்துவம் சொல்லும் வழி, பழைய நிலைமாற்றுத் தபாலுக்கு விந்தையாக நெருங்கி வருகிறது: குறுகிய தூரம், இடையில் ஓய்வு, பிறகு அடுத்த துண்டு. லேசான கிழிசல் ஒன்று முதல் மூன்று வாரத்தில் ஆறும். நடுத்தரமானதற்கு ஒன்றிரண்டு மாதம். முழுக் கிழிசலுக்கு அதற்கும் மேல். ஆனால் நாட்காட்டியைவிட காலின் திறன்தான் அளவுகோல். முதலில் வலியில்லாத நடை. பிறகு இரு காலிலும் குதிகால் உயர்த்துதல், அடுத்து ஒற்றைக் காலில். முழங்காலை நீட்டி ஒரு முறை, மடக்கி ஒரு முறை, இரண்டு தசைக்கும் வேலை கொடுத்து. நல்ல காலுக்கு நிகராக இருபது தடவையாவது உயர்த்த முடிந்து, அரை மணி வேகநடையும் ஒற்றைக்கால் துள்ளலும் வலியின்றி அமைந்தால், சமதரையில் ஓட்டம் தொடங்கலாம்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் காலையில் இறுக்கமோ வலியோ கூடியிருந்தால் ஒரு படி பின்வாங்க வேண்டும்.

வேகமும் மேடும் கடைசியில்தான் வர வேண்டும். வலி போய்விட்டதே என்று அவசரப்பட்டு இவற்றை முன்னால் கொண்டுவருவதாலேயே அதே இடம் மீண்டும் கிழிகிறது. ஒருமுறை கிழிந்த கெண்டைத் தசைக்கும் நாற்பதைக் கடந்த காலுக்கும் அந்த ஆபத்து கூடுதல். குதிகால் உயர்த்தும் பயிற்சியை ஓட்டம் திரும்பிய பிறகும் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் தொடரச் சொல்வது அதனால்தான்.