ஜப்பானிய மருமகளின் இரவுகள்

ஜப்பான் தேசத்தில் முதுமையினால் பிரக்ஞை மங்கியவர்களுக்குச் சிசுருஷை செய்வது மருமகளின் தர்மமென்று, அவளைக் கேளாமலே, வெகுகாலம் தீர்மானிக்கப்பட்டிருந்தது. பகலெல்லாம் வக்கீல் ஆபீசில் டைப் அடித்துவிட்டு, முன்னொரு காலத்தில் தன்னை ஓயாமல் கடிந்துகொண்ட மாமனார் நள்ளிரவில் விழித்தெழும்போதெல்லாம் தானும் எழுந்து, அவரைச் சிறுநீர் கழிக்க அழைத்துச் செல்லும் அகிகோ என்ற மருமகளின் கதையை, 1972-இல் அரியோஷி சவாகோ என்னும் ஆசிரியை நாவலாக எழுதினார். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றனவாம். வாங்கியவர்களில் தூக்கமிழந்த மருமகள்கள் எத்தனை பேரோ! 1980 ஜனவரியில் இத்தகைய முதியோரைப் பராமரிக்கும் குடும்பத்தார் கியோட்டோ நகரில் கூடிச் சங்கம் ஸ்தாபித்தனர். 2000 ஏப்ரலில் அமலுக்கு வந்த பராமரிப்புக் காப்புறுதி, 40 வயது நிரம்பியோரிடம் சந்தா வசூலித்து, பகல்நேர விடுதியையும் வீடு தேடி வரும் பணியாளரையும் அளித்தது. வீட்டாருக்கு ரொக்கம் தர மாத்திரம் மறுத்தது. பணம் கொடுத்தால் மருமகள் மறுபடியும் அந்தப் படுக்கையருகிலேயே கட்டுண்டு கிடப்பாள் என்று மாதர் சங்கத்தார் வாதாடியது அதற்கொரு காரணம்.