செருப்புத் தைத்த ஊசி, கல்யாண ரவிக்கை

இன்னைக்கு எபிசோடு ஒரு ஊசியைப் பத்தி. சிரிக்காதீங்க, கொஞ்சம் கேளுங்க.

போன மாசம் அறந்தாங்கிக்கு, வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா 30 வருஷமா ரவிக்கை தைக்கிறாங்க. என் இன்ஜினியரிங் ஃபீஸ்ல பாதி அந்தத் தையல் மெஷின்லேருந்து வந்ததுதான். இப்போ கல்யாண ஆர்டர் கொண்டு வர்றவங்க எல்லாரும் "ஆரி ஒர்க் போடுவீங்களாக்கா?"ன்னு கேக்குறாங்களாம். சாதா ஊசியில சங்கிலித் தையல் போட்டா ஒரு கண்ணி பெருசா, ஒரு கண்ணி சின்னதா வந்து நிக்குது. அதனால 53 வயசுல அம்மா ஆரி ஊசி பிடிக்கக் கத்துக்கிறாங்க.

பார்க்க ரொம்பச் சாதாரணம். ஒரு மரக் கைப்பிடி, முனையில குட்டிக் கொக்கி. துணியை ஃப்ரேம்ல மேளத்தோல் மாதிரி இழுத்துக் கட்டணும். நூல் துணிக்கு அடியில, இடது கையில இருக்கும். கொக்கியை மேலேருந்து குத்தி, அடியில நூலை மாட்டி, லேசாத் திருப்பி மேலே இழுத்தா ஒரு கண்ணி. அந்தக் கண்ணிக்குள்ளேயே குத்தி அடுத்த கண்ணி. சாதா ஊசின்னா ஒவ்வொரு தையலுக்கும் மொத்த நூலையும் உருவி இழுக்கணும். இதுல அது இல்ல. வேகமும் சீரும் வர்றது அதனாலதான். ஆனா அந்தத் திருப்பல் தப்புனா கொக்கி துணியைக் கவ்விக்கும். முதல் நாள் அம்மா திட்டுன திட்டை எடிட்ல எடுத்துட்டேன்.

கிளாஸ்ல இதை 'ராஜாக்கள் காலத்துக் கலை'ன்னு சொல்லிக் கொடுத்தாங்களாம். தப்பில்ல, முகலாய அரண்மனைகளுக்கு இந்த வேலை போனது உண்மை. ஆனா பாதிக் கதைதான். கொக்கி வந்த இடம் செருப்புத் தைக்கிற இடம். குஜராத், கட்ச் பக்கத்து மோச்சிகள் செருப்பும் குதிரைச் சேணமும் தைச்சவங்க. தோல்ல நூலை இழுக்க முனையில வெட்டு வச்ச குத்தூசி வேணும். அதையே மெலிசாக்கிப் பட்டுத் துணியில இறக்கினாங்க. தோலைத் தொடுறவங்கன்னு சாதி அடுக்குல கீழே வைக்கப்பட்டவங்க கை அது. கடை போர்டுல ராஜா பேரு இருக்கு, அவங்க பேரைக் காணோம்.

17ஆம் நூற்றாண்டுலேயே இந்தக் குஜராத் பூவேலைத் துணிகள் கப்பலேறி இங்கிலாந்து போயிருக்கு. 18ஆம் நூற்றாண்டு நடுவுல கொக்கி ஊசி பிரான்ஸ்ல பெரிய ஃபேஷன். அங்க அதுக்குப் பேரு 'தாம்பூர்', அதாவது மேளம். லண்டன் நேஷனல் கேலரியில ஒரு ஓவியம் இருக்கு, 1763-64ல துருவே வரைஞ்சது. பிரெஞ்சு ராஜா 15ஆம் லூயியோட காதலியா இருந்த மேடம் த பொம்பதூர், தாம்பூர் ஃப்ரேம் முன்னாடி ஜம்முனு உக்காந்திருக்காங்க.

அடுத்த திருப்பம்தான் எனக்குப் பிடிச்சது. பார்த்தெலெமி திமோனியேன்னு ஒரு பிரெஞ்சுத் தையல்காரர். இந்தக் கொக்கியோட அசைவை மெஷின்ல ஏத்தி 1830ல காப்புரிமை வாங்குனார். ஒத்தை நூல், சங்கிலித் தையல். பாரிஸ்ல 80 மெஷின் வச்சு ராணுவ யூனிஃபார்ம் தைச்சாங்க. 1831ல, பொழப்பு போயிடும்னு பயந்த தையல்காரங்க கூட்டமா வந்து அடிச்சு நொறுக்கிட்டாங்க. 1857ல அவர் ஏழையாவே செத்துப்போனார்.

நம்ம வீட்டு மெஷின் வேற ஜாதி: மேல் நூலும் பாபின் நூலும் ஒண்ணையொண்ணு பூட்டிக்கும், சுலபமாப் பிரியாது. சங்கிலித் தையல் அப்படியில்ல. கடைசிக் கண்ணியை முடிச்சுப் போடாம விட்டா மொத்தமும் உருவிக்கிட்டு வரும். லிங்க்டு லிஸ்ட் படிச்சவங்களுக்குப் புரியும்.

மெஷின் பழக்கத்துல அம்மா ஒரு மாங்காய் டிசைனை முடிச்சு, நூலைச் சும்மா கத்தரிச்சுட்டாங்க. பிசிறா நின்ன நூலை நான்தான் இழுத்தேன். ரெண்டு மணி நேர வேலை, பத்து செகண்டுல சரசரன்னு போச்சு.

சமாதானப்படுத்தலாம்னு திமோனியே கதையைச் சொன்னேன். மெஷின் கண்டுபிடிச்சவரைப் பத்தி அம்மா ஒண்ணுமே கேக்கல. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வந்ததுலேருந்து அவங்க கணக்கு வேற.

"உடைச்சாங்களே, அவங்களுக்கு அப்புறம் வேலை கிடைச்சுச்சாடா?"

எனக்குப் பதில் தெரியல. அம்மா மறுபடி முதல் கண்ணியிலேருந்து ஆரம்பிச்சாங்க.