ஏற முடியாத வண்டிகள்

ஏறிப் போக முடியாத வண்டியினால் என்ன பிரயோசனம் என்று கேட்பவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. ஒரு ஜாண் நீளக் கார் ஒன்றை மேஜை மேல் வைத்துக்கொண்டு, அதன் கதவுக்கு மூன்றாம் முறையாக வர்ணம் பூசிக்கொண்டிருக்கும் நாற்பது வயதுக்காரரைப் பார்த்து அவர் வீட்டார் கேட்பதும் இதைத்தான். பாவம், அவருக்குப் பதில் சொல்ல வராது. ஆனால் அவருக்குப் பதிலாகத் தும்பிசேர் கீரனார் என்ற சங்கப் புலவர் எப்போதோ சொல்லி வைத்திருக்கிறார். தச்சன் செய்து கொடுத்த சின்னஞ்சிறு வண்டியில் பிள்ளைகள் ஏறிப் போவதில்லை. கையால் இழுத்துப் போகிறார்கள். அதிலேயே அவர்களுக்குப் பரம திருப்தி. குறுந்தொகையில் வரும் இந்த உவமை ஒரு காதலைப் பற்றியது. ஆனாலும், மாதிரி வண்டி என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் நான் எங்கும் கண்டதில்லை.

சங்க நூல்களில் இந்த வண்டி அடிக்கடி வந்து போகிறது. பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் வீட்டுச் சிறுவர்களே ஆசைப்படும்படியான சிறுதேர் ஒன்று உருளுகிறது. பட்டினப்பாலையிலோ, காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வர் வீட்டு முற்றத்தில், காயும் தானியத்தைத் தின்ன வந்த கோழியை விரட்டப் பெண்கள் காதணியைக் கழற்றி வீசுகிறார்கள். பிள்ளைகளின் மூன்று சக்கரத் தேருக்கு அந்தப் பொன் தடையாகக் கிடக்கிறது. பொன்னை விட்டுவிட்டுச் சக்கரத்தின் மேல் கண் வைத்த அந்தப் புலவரை எனக்கு மிகவும் பிடிக்கும். பிற்காலத்தில் ஆண்பால் பிள்ளைத்தமிழுக்குச் சிறுதேர்ப் பருவம் என்று ஒரு பகுதியே ஏற்பட்டது. தெய்வமானாலும் மன்னனானாலும் சின்னத் தேரை உருட்டித்தான் ஆக வேண்டும்!

எங்கள் நாஞ்சில் நாட்டில் தச்சனுக்குக் காசு கொடுக்கச் சக்தியில்லாத பிள்ளைகளுக்குப் பனை கொடுத்தது வண்டி. நுங்கு தின்ற பிறகு இரண்டு காய்களை எடுத்து, நடுவே ஒரு குச்சியைக் குத்திச் சேர்த்து, நுனி கவைத்த நீளக் கம்பினால் தள்ளிக்கொண்டு ஓடினால் அதுதான் நுங்கு வண்டி. செலவு ஒரு சல்லியும் கிடையாது. இரண்டு நாளில் காய் வாடிச் சுருங்கிவிடும். அதனால்தான் ஒவ்வொரு பையனும் ஒரு கோடையில் பத்து வண்டியாவது செய்ய நேர்ந்தது. பத்தாவது வண்டி முதல் வண்டியைப் போல இருந்ததில்லை. ஒருவன் அச்சை நீட்டுவான். இன்னொருவன் மேலே ஒரு தீப்பெட்டியை ஏற்றி, "இது நாகர்கோவில் பஸ்" என்பான். கிடைத்ததை அப்படியே வைத்துக்கொள்ள மனமில்லாத அந்தக் குணம்தான், கடையில் வாங்கிய மாதிரிக் காரைப் பிரித்துப் போட்டு வேறு சக்கரமும் வேறு நிறமும் கொடுத்துத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் இன்றைய பொழுதுபோக்குக்கும் வேர்.

இப்படி மாற்றி அலங்கரிப்பதில் ஆபத்தும் உண்டு. பண்டிதமணி கதிரேசச் செட்டியார் "மண்ணியற் சிறுதேர்" என்று தமிழில் தந்த சூத்திரகரின் நாடகத்தில், சாருதத்தனின் சிறுவன் மண் வண்டி வேண்டாம், அடுத்த வீட்டுப் பிள்ளை வைத்திருந்தது போலப் பொன் வண்டி வேண்டும் என்று அழுகிறான். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண் வண்டியில் நிரப்பிவிடுகிறாள். பிறகு அந்த நகைகளே நியாய ஸ்தலத்தில் சாருதத்தனுக்கு எதிரான சாட்சியாகி, அவனைக் கொலைக்களம் வரையில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. வடசேரித் தட்டார்கள் நாட்டியத்துக்கும் கோவிலுக்கும் செய்யும் நகைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மண் வண்டியின் ஞாபகம் வரும்.

கார் வந்த பிறகு சிறுதேரும் காராயிற்று. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து மெக்கானோ கம்பெனியார் 1933-ல் தங்கள் பொம்மை ரயிலுக்குத் துணையாகச் சின்னக் கார்களை வெளியிட்டார்கள். 1934-ல் அவற்றுக்கு டிங்கி என்று பெயர் வந்தது. ரயிலோடு பொருந்த வேண்டும் என்பதால் அசலில் ஏறக்குறைய நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு என்ற விசித்திரமான அளவு நிலைத்தது. நம்முடைய அம்பாஸடர் கார் சுமார் 430 சென்டிமீட்டர் நீளம்; அந்தக் கணக்கில் பத்து சென்டிமீட்டராகி உள்ளங்கையில் அடங்கும். துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்ப்பது அவர்கள் முறை. கலவையில் சிறிது ஈயம் சேர்ந்துவிட்டாலும் போதும், வருஷங்கள் சென்றபின் கார் தானாகவே வெடித்து உதிரும். அந்த நாளைய டிங்கிகள் பல அப்படித்தான் பொடியாகிப் போயின.

அந்த அச்சுகளில் சில நம் தேசத்துக்குக் கப்பலேறி வந்த கதை ருசிகரமானது. 1960-களின் இறுதியில் கல்கத்தாவிலுள்ள ஒரு கம்பெனி பழைய டிங்கி அச்சுகளை வாங்கி, நிக்கி என்ற பெயரில் கார்களை வார்க்கத் தொடங்கியது. அவற்றில் ஒன்று ட்ரயம்ப் விடெஸ் என்ற ஆங்கிலேயக் கார். அதை இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று சொல்லி விற்றார்கள். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு சென்னைக்கு அருகே தயாரான கார். இரண்டும் நெருங்கிய உறவுதான். ஆனால் முகம் வேறு. பெயரை மாற்றினால் ஆளும் மாறிவிடுவான் என்று நம்புவதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லவே! சென்னைத் தொழிற்சாலை 1980-களின் இறுதியில் கார் செய்வதை நிறுத்திற்று. லிவர்பூல் தொழிற்சாலையை 1979-லேயே மூடிவிட்டார்கள். கல்கத்தாவில் வார்த்த கார்களையோ இன்றைக்கும் பல தேசங்களில் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்த ஆசையைப் பரீட்சையாகவே நடத்தினார்கள். ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த பிஷர் நிறுவனம் 1930-ல் பையன்களுக்கு ஒரு போட்டி வைத்தது. நெப்போலியனுடைய கோச்சு வண்டியைச் சின்னஞ்சிறிதாக, ஆணி முதல் திரைச்சீலை வரை சொந்தக் கையால் செய்ய வேண்டும். கடையில் வாங்கிய பாகம் ஒன்றும் கூடாது. பிறகு சொந்தக் கற்பனையில் மாதிரிக் காரும் செய்யச் சொன்னார்கள். முதல் பரிசு, கல்லூரியில் படிக்க 5,000 டாலர் உபகாரச் சம்பளம். 1947-ல் பரிசு பெற்ற சக் ஜார்டன் என்ற பையன் பிற்காலத்தில் அதே ஜெனரல் மோட்டார்ஸில் வடிவமைப்புப் பிரிவுக்கே தலைவரானார். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் முழுவதும் உட்கார்ந்து ஒரே சக்கரம் செய்தால் எப்படியிருக்கும் என்று ஔவையார் அதியமானைப் பற்றிச் சொன்னதை இந்தப் பையன்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். போட்டி 1968-ல் நின்றுபோயிற்று. அதற்குள் ஏ.எம்.டி. என்ற கம்பெனியார் 1958 முதல், ஒரே காரைக் கடையில் வந்தபடியோ, அலங்கரித்தோ, பந்தயக் காராகவோ செய்துகொள்ளும்படியான பிளாஸ்டிக் பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கியிருந்தார்கள். சுலபந்தான், ஆனால் கற்பனையையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே அடுக்கி வைத்துவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இன்று இளைஞர்கள் விரும்பிச் செய்வது காரைவிட பஸ்ஸைத்தான். மெல்லிய நுரைப் பலகையை வெட்டி ஒட்டி, ஜன்னல் கம்பி, ஏணி, பெயர்ப்பலகை எல்லாம் வைத்து அச்சு அசலாகச் செய்கிறார்கள். இந்தப் பக்கத்துக்கு அது பொருத்தமானதும் கூட. நாகர்கோவில் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1938 பிப்ரவரி 20-ம் தேதி அரசாங்க பஸ் ஓடத் தொடங்கியபோது, லண்டனிலிருந்து வந்த சால்ட்டர் என்ற அதிகாரி இங்கிலாந்திலிருந்து அடிச்சட்டங்களை மட்டும் வரவழைத்து, மேல்கூட்டை உள்ளூர்த் தொழிலாளிகளைக் கொண்டே கட்டச் செய்தார். எங்கள் பக்கத்து முதல் அரசாங்க பஸ்களே பாதி வாங்கியவை, பாதி கையால் செய்தவை!

1956 நவம்பர் 1-ல் இந்த ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1974-ல் கட்டபொம்மன் பெயரிலும், 1983-ல் நேசமணி பெயரிலும் போக்குவரத்துக் கழகங்கள் உண்டாயின. 1997-ல் தலைவர்களின் பெயர்கள் எல்லாக் கழகங்களிலிருந்தும் எடுக்கப்பட்டன. நேசமணியின் பெயர் எழுதிய பஸ் இன்று வடசேரி நிலையத்துக்கு வருவதில்லை. அந்தக் கூடுகள் எல்லாம் எப்போதோ பழைய இரும்பாகிவிட்டன. ஒரு பையன் அந்த பஸ்ஸைச் செய்ய ஆசைப்பட்டான் என்று வைத்துக்கொள்வோம். கோடு எந்த நிறம், பெயரை எந்த வளைவில் எழுதியிருந்தார்கள், பின்பக்க ஏணிக்கு எத்தனை படி என்பதெல்லாம் அவனுக்குத் தெரிய வேண்டும். புகைப்படம் கிடைத்தாலும் அநேகமாகக் கல்யாண கோஷ்டியின் முதுகுக்குப் பின்னால் பாதி பஸ்தான் தெரியும். ராணித்தோட்டம் பணிமனையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் யாரையாவது தேடிப்போய்த் திண்ணையில் உட்கார்ந்து, "அண்ணாச்சி, ஏணிக்கு எத்தனை படி?" என்று கேட்டால்தான் உண்டு. அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஏறிய கால்களை நினைத்து, படிகளை விரல் விட்டு எண்ணத் தொடங்குவார்.