கொல்லையிலிருந்து படுக்கையறைக்கு: தமிழ்நாட்டு வீட்டுக் குளியலறையின் வரலாறு

தமிழ்நாட்டின் பழைய ஓட்டு வீடுகளில் குளியலறை என்று ஒரு தனி அறை இருந்தது குறைவு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், சமையற்கட்டு என்று நீண்டுபோகும் வீட்டின் கடைசியில் கொல்லை. அங்கே கிணற்றடியில்தான் குளியல். ஆண்கள் திறந்தவெளியில் தண்ணீர் சேந்தி ஊற்றிக்கொண்டார்கள். பெண்களுக்குத் தென்னங்கீற்றுத் தட்டியோ, கூரையில்லாத நாலு சுவரோ மறைப்பு. வெந்நீருக்கு அடுப்பில் பதித்த செப்புத் தவலை இருந்தது. பிறகு நடுக்குழாயில் கரி போட்டு எரிக்கும் செப்பு பாய்லர் வந்தது. குளித்த தண்ணீர் வாழைப் பாத்திக்கு ஓடியது.

கழிப்பறை இதைவிடத் தள்ளி இருந்தது. கிராமத்தில் அதுவும் இல்லை, வெளிக்காடுதான். நகரத்து வீடுகளில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது: உட்காரும் மேடை, நடுவில் துவாரம், கீழே வாளி அல்லது தகரம், பின்சுவரில் ஒரு சிறிய கதவு. கதவு திறப்பது வீட்டுக்குள் அல்ல, பின்புறத்துச் சந்தில். மலம் அள்ள வந்தவர் அந்தச் சந்து வழியாகவே வந்து, அந்த வழியாகவே போக வேண்டும். அந்த வேலை பிறப்பால் ஒரு சில சாதிகளின் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. கழிப்பறையைக் கொல்லைக் கோடியில் வைத்ததற்கு நாற்றத்தைக் காரணமாகச் சொல்வார்கள். அள்ள வருபவர் வீட்டைக் கடக்கக் கூடாது என்ற தீண்டாமையும் அதே அளவு காரணம். இதை விட்டுவிட்டுப் பழைய வீட்டின் அமைப்பைப் படிப்பது சரியாகாது.

இந்த நிலை மாறக் குழாய் வர வேண்டியிருந்தது. சென்னையில் 1772-இல் கேப்டன் பேக்கரின் திட்டப்படி தோண்டப்பட்ட ஏழு கிணறுகள் கோட்டைக்குத் தண்ணீர் கொடுத்தன. நகரத்துக்கென்று தண்ணீர் வந்தது 1872-இல். செங்குன்றம் ஏரியிலிருந்து திறந்த மண் வாய்க்காலில் கீழ்ப்பாக்கம் வரை வந்து, அங்கிருந்து இரும்புக் குழாய்களில் பிரிந்தது. வடிகட்டாத தண்ணீர் அது. 1914 டிசம்பரில் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் திறக்கப்பட்ட பிறகே மணற்படுகையில் வடிகட்டிய நீர் கிடைத்தது. அதை உருவாக்கிய பொறியாளர் மேட்லியின் பெயர் இன்றும் தியாகராய நகர்ச் சாலை ஒன்றில் இருக்கிறது. பாதாளச் சாக்கடைத் திட்டமும் அதே காலத்தில் உருவானது. ஆனாலும் பெரும்பாலான வீடுகளுக்குக் குழாய் கொல்லை வரைதான் வந்தது, பலருக்குத் தெருக்குழாய்தான்.

கழிப்பறையை வீட்டுக்குள் கொண்டுவந்தது ஒரு வளைவு. 1775-இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்ற வளைகுழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். இரண்டு அங்குல நீர் போதும், சாக்கடையின் வாயு திரும்பி மேலே வராது. நம் பிளம்பர்கள் இன்றும் ‘எஸ் டிராப்’, ‘பி டிராப்’ என்று பேசுவது இதைத்தான். வளைவும், அடித்துக்கொண்டு போகத் தண்ணீரும், கழிவு போய்ச் சேரச் சாக்கடையோ செப்டிக் டேங்கோ இருந்தால், அள்ளுவதற்கு ஆள் தேவையில்லை. ஆரம்பத்தில் பீங்கான் இங்கிலாந்திலிருந்து வந்தது, வசதியுள்ளவர்களுக்கே எட்டியது. சுதந்திரத்துக்குப் பிறகு ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி போன்றவர்கள் இங்கேயே செய்யத் தொடங்கியதும் தரையில் பதிக்கும் ‘ஒரிசா பேன்’ நடுத்தர வீடுகளுக்கு வந்தது.

சட்டம் மெதுவாகவே பின்தொடர்ந்தது. எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும் கையால் மலம் அள்ள ஆள் வைப்பதையும் தடுக்கும் மத்தியச் சட்டம் 1993-இல் வந்தது. 2013-இல் வந்த இரண்டாவது சட்டம் சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. அப்படி இறக்கப்பட்டவர்கள் விஷவாயுவில் சாவது அதன் பிறகும் தொடர்வது பெரிய அநீதி.

1961-இல் அமைந்த வீட்டு வசதி வாரியமும், பின்னால் வந்த தனியார் அடுக்குமாடிகளும் கொல்லையை இல்லாமலே செய்துவிட்டன. தனித்தனியாக இருந்த குளியலறையும் கழிப்பறையும் ஒன்றாகி, படுக்கையறையோடு ஒட்டிக்கொண்டன. குழாய்களை மறைக்கக் குளியலறைத் தளத்தை மட்டும் ஓரடி, ஒன்றரையடி தாழ்த்தி வார்த்து, செங்கல் ஜல்லி போட்டு நிரப்பினார்கள். கட்டடத் தொழிலில் இதற்குப் பெயர் ‘சங்கன்’. குழாய் கசிந்தால் தண்ணீர் அந்த நிரப்பலில் ஊறி, மாதக்கணக்கில் தெரியாமல் இருந்து, கீழ்வீட்டுக் கூரையில் ஈரமாகப் பூக்கும். அடுக்குமாடிச் சண்டைகளில் பாதிக்கு மூலம் இதுதான்.

பொருள்களும் மாறின. சிமென்டுப் பூச்சும் சிவப்பு ஆக்சைடு தரையும் மொசைக்குக்கு வழிவிட்டன. சுவரில் இடுப்பளவுக்கு ஆறங்குல வெள்ளை டைல்ஸ் ஒட்டும் வழக்கம் வந்தது. 1958-இல் இந்தியாவில் தொடங்கிய ஜான்சன் அதில் பேர்பெற்ற பெயர். இன்று குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் பெரிய டைல்ஸ் கூரை வரை ஏறுகிறது. துருப்பிடித்து அடைக்கும் ஜி.ஐ. குழாயின் இடத்தைப் பி.வி.சி. பிடித்தது, வெந்நீருக்குச் சி.பி.வி.சி. வந்தது.

வேலை கூடக்கூட ஆட்களும் பிரிந்தார்கள். முன்பு கொத்தனாரும் சித்தாளும் முடித்த வேலைக்கு இன்று பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ் போடுபவர், வாட்டர்புரூஃப் செய்பவர் என்று தனித்தனி ஆள். இவர்களை ஒன்றுசேர்த்து, யார் எந்த நாளில் வர வேண்டும் என்று பார்க்கும் மேஸ்திரிதான் ஆல்ட்டரேஷன் கான்ட்ராக்டர் ஆனார். கூலிக்கு மட்டும் பேசுவது ஒரு முறை, சாமானோடு பேசுவது இன்னொன்று. டைல்ஸுக்குச் சதுர அடிக் கணக்கு, பிளம்பிங்குக்குப் பாயின்ட் கணக்கு.

பழைய குளியலறையைப் புதுப்பிக்கும்போது இந்த அடுக்குகள் எல்லாம் வரிசையாக வெளியே வருகின்றன: டைல்ஸ், அதன் கீழ் மொசைக், ஊறிய ஜல்லி, துருவேறிய ஜி.ஐ. குழாய். முழங்கால் வலிக்கும் பெரியவர்களுக்காக ஒரிசா பேனை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைப்பதே பல வீடுகளில் முதல் காரணம். பேனின் டிராப் தரைக்குள் இருப்பதால், அதை எடுக்கச் சங்கனை உடைத்தே ஆக வேண்டும். நல்ல கான்ட்ராக்டர் புதுப் பூச்சு காய்ந்ததும் தரையில் தண்ணீர் கட்டி ஒரு நாளாவது விட்டு, கீழ்வீட்டில் போய்ப் பார்ப்பார். பிறகுதான் டைல்ஸ். அதிலும் தரைத் தண்ணீர் வெளியேறும் நானி டிராப்பை நோக்கி வாட்டம் சரியாக விட்டிருக்கிறதா என்பதை ஒரு வாளித் தண்ணீர் கொட்டிப் பார்த்த பிறகே கடைசித் தவணைக் கூலி கைமாறும்.