நீங்கினார்மீது சினம்: தருமசேனர் வரலாறு காட்டும் உண்மை

ஒரு சமயத்திற்குப் புறத்தே நிற்பாரைக் காட்டிலும், அகத்திருந்து நீங்கினார்மீதே அச்சமயத்தார் மிகுதியாகச் சினங்கொள்ளுதல் வரலாற்றிற் பலகாலும் காணப்படுவதாகும். இதன் காரணத்தை ஆராய்வார்க்குத் திருநாவுக்கரசர் வரலாறு தக்கதொரு சான்றாகும்.

திருவாமூரிற் பிறந்த மருணீக்கியார் சமண் சமயம் புக்கு, பாடலிபுத்திரத்தில் தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை எய்தினார். அவ்வூர் கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூர் என்பர். லோகவிபாகம் என்னும் சமண நூல் சகம் 380இல், அதாவது கி.பி. 458இல், பாடலிகையில் எழுதப்பெற்றது என்பதனால், அப்பள்ளியின் கல்விச் சிறப்பு நன்கு விளங்கும். பின்னர்ச் சூலைநோய் வருத்த, சமணர்தம் மந்திரங்களால் அது தீராமையின், தருமசேனர் திருவதிகையில் இருந்த தமக்கையார் திலகவதியாரை அடைந்து சைவரானார்.

அதன்பின் நிகழ்ந்தவற்றைப் பெரியபுராணம் விரித்துரைக்கும். நீற்றறையில் இட்டனர், நஞ்சு கலந்த பாற்சோறு அளித்தனர், யானையை ஏவினர், கல்லிற் பிணித்துக் கடலிலே தள்ளினர். சேக்கிழார் சைவர், நாவுக்கரசருக்கு ஏறத்தாழ 500 ஆண்டுகள் பிற்பட்டவர். ஆதலின், அவர் கூற்று முழுவதையும் நடுநிலைச் சான்றாகக் கொள்ளுதல் இயலாது. எனினும், அமணர் தம்மைக் கல்லொடு பூட்டி நீரில் தள்ளியதை நாவுக்கரசரே திருநீலக்குடிப் பதிகத்திற் குறித்தலின், துன்புறுத்திய செய்தியை வெறுங்கற்பனை எனத் தள்ளுதற்கில்லை.

சமணர் இவ்வாறு செய்தமைக்குச் சேக்கிழார் கூறும் காரணம் ஊன்றி நோக்கத்தக்கது. உண்மையை அறியின் வேந்தனும் சைவனாவான். தம் வாழ்க்கைக்குரிய வருவாயையும் நிறுத்துவான் என அவர்கள் அஞ்சினராம். எனவே, தமக்கை சைவத்தில் நிற்றலாலேயே தருமசேனர் சென்றார் என்றும், சமயத்தை மீறித் தெய்வத்தை நிந்தித்தார் என்றும் அரசனிடம் உரைக்கத் துணிந்தனர். தம்மால் தீராத நோய் பிறிதோரிடத்தில் தீர்ந்தது என்பது வெளிப்படின், தம் நெறியின் ஆற்றலே ஐயத்திற்கு இடமாகும் அன்றோ? நீங்கினவர் கடைநிலை மாணாக்கராயின் இத்துணை அச்சம் எழுந்திராது. தலைவரே நீங்கினமையால், எஞ்சியிருந்தார் உள்ளத்தும் ஐயம் புகுதற்கு வழி உண்டாயிற்று. ஆகவே, கொடுமைக்கு வித்து கொள்கைப்பற்று மட்டுமன்று. உள்ளிருந்தே எழுந்த சான்றைக் கண்ட அச்சமும் ஆதரவு இழப்போம் என்னும் கவலையுமே என்பது பெறப்படும்.

அஞ்சியதே பின்னர் நிகழ்ந்தது. முதலாம் மகேந்திரவர்மன் என ஆராய்ச்சியாளர் பலர் கருதும் அப்பல்லவ வேந்தன் சைவனாகி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அப்பொருள்கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எடுப்பித்தான் என்கிறது பெரியபுராணம். இச்செயலைச் சேக்கிழார் இழித்துரைத்திலர். ஒருவர் சமயம் மாறியதனை இழந்தவர் நிந்தை என்றனர். பெற்றவர் திருவருள் என்றனர். துன்புறுத்தியோர் பள்ளிகள் இடிபட்டபோது, துன்புற்றோர் பக்கத்து வரலாறு அதனை வெற்றியாகவே எழுதிற்று. நீங்கினாரை ஒறுத்தல் எச்சமயத்தையும் காத்ததில்லை என்பதோடு, ஒறுக்கும் இயல்பு ஒரு சமயத்தார்க்கே உரியதன்று என்பதனையும் இவ்வரலாற்றைப் பயில்வோர் மறத்தலாகாது.